‘நான் யார்?’ விசாரத்தைச் செய்து பார்ப்பது எப்படி?

ரமண மகரிஷியின் ‘நான் யார்?’ சின்னப் புத்தகம். ஒரு மணி நேரத்தில் வாசித்து முடித்துவிடலாம். வாசித்த கையோடு பலரும் கண்ணை மூடி உட்கார்ந்து ‘நான் யார், நான் யார்’ என்று உள்ளுக்குள் சொல்லத் தொடங்குகிறார்கள். பத்து நிமிஷம் போகும். பதில் வராது. புத்தகத்தில் படித்த ‘நான் ஆத்மா’வை எடுத்துப் பதிலாக வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் தூக்கம் வந்துவிடும். ஒரு வாரத்தில் ‘இது நமக்கு எட்டாது’ என்று விட்டுவிடுவார்கள்.

அவர்களுக்குச் சிரத்தை இல்லாமல் இல்லை. கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதுதான் கோளாறு. கேள்வி, கவனத்தை ஒரு பக்கம் திருப்புவதற்காக. திரும்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. அந்தத் திருப்பம்தான் விசாரம். அதை எப்படிச் செய்வது, எங்கே வழுக்கும், வழுக்கினால் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இந்த முறை எழுத்துக்கு வந்த கதை சுருக்கமாக: தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-இல் அலுவல் நிமித்தம் திருவண்ணாமலை வந்தவர், மலைமேல் விரூபாட்ச குகையில் பேசாமல் இருந்த 22 வயது ரமணரிடம் கேள்விகள் கேட்டார். சைகையில் பதில் வந்தது; சைகை புரியாதபோது எழுதிக் காட்டினார். 1923-இல் அது அச்சானது. பிறகு ரமணரே அதைக் கேள்வி பதில் இல்லாத உரைநடையாக எழுதித் தந்தார். ஆனால் செய்முறையின் நுணுக்கம் பிந்தைய பாடல்களில்தான் கூர்மையாக இருக்கிறது: 1927-இல் எழுதிய உபதேச உந்தியார், 1928-இன் உள்ளது நாற்பது. உள்ளது நாற்பதில் 23 முதல் 30 வரையுள்ள வெண்பாக்களை உரையோடு படித்துவிட்டு உட்காருவது நல்லது. எட்டே பாட்டு. பயிற்சியில் வரும் சந்தேகங்களில் முக்கால்வாசிக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

எதைப் பிடிக்க வேண்டும்

முதலில் ஒரு நிமிஷச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு உங்களையே கேளுங்கள்: ‘நான் இப்போது இருக்கிறேனா?’ யோசிக்காமலே ‘இருக்கிறேன்’ என்று வந்துவிடும். எப்படித் தெரிந்தது? கண் மூடியிருக்கிறது, ஆகவே உடம்பைப் பார்த்துச் சொல்லவில்லை. பெயரையோ வயதையோ ஞாபகப்படுத்திக்கொண்டு சொல்லவில்லை. ஒரு ருசுவும் கேட்காமல் தெரிந்திருக்கிறது. அந்த ‘இருக்கிறேன்’ என்ற உணர்வுதான் இந்தப் பயிற்சிக்கு வேண்டிய மொத்தச் சரக்கும். கவனத்தை அதன்மேல் ஐந்து விநாடி வைக்க முடிந்தால் விசாரத்தை ஐந்து விநாடி செய்துவிட்டீர்கள் என்று பொருள்.

பலருக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வரும். இவ்வளவு சாதாரணமாகவா இருக்கும்? ஆம், சாதாரணமாகத்தான் இருக்கும். அதில் ஒளி இல்லை, ஆனந்தக் கண்ணீர் இல்லை, ருசி கூட இல்லை. அதனாலேயே அது கண்ணில் படுவதில்லை. மனம் சுவையுள்ள வேறொன்றைத் தேடிப் போய்விடுகிறது.

ஏன் இதைப் பிடிக்கச் சொல்கிறார்கள்? உள்ளது நாற்பதின் 24, 25-ஆம் வெண்பாக்கள் காரணம் சொல்கின்றன. சடமான, அதாவது அறிவில்லாத, உடம்பு ‘நான்’ என்று சொல்லாது. சுத்த அறிவு தோன்றுவதும் இல்லை, மறைவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே உடம்பின் அளவில் ஒரு ‘நான்’ கிளம்புகிறது. அகந்தை, மனம், சீவன் எல்லாம் அதற்கே பெயர்கள். அதற்குச் சொந்தமாக உருவம் கிடையாது. ஏதாவது ஓர் உருவைப் பற்றியே பிறக்கிறது, அதைப் பற்றியே நிற்கிறது, ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பற்றுகிறது. நேராகத் தேடினால் மட்டும் ஓட்டம் பிடிக்கிறது.

இதில் நடைமுறைக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு. எண்ணம், உருவம், சத்தம், முழங்கால் வலி எல்லாமே ‘உரு’தான். எண்ணத்தைத் தள்ளுவதும் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். ‘நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது’ என்று மல்லுக்கு நிற்பவர் அரை மணியில் களைத்துப் போவது அதனால்தான். எண்ணத்தோடு வழக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணுகிறவன் பக்கம் திரும்பினால் போதும்.

உட்காருதல்

ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு 20 நிமிஷம் போதும், காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து 50 நிமிஷம் கனவு காண்பதால் லாபமில்லை. 20 நிமிஷம் சலிப்பில்லாமல் போகிறது என்று ஆன பிறகு 5, 5 நிமிஷமாகக் கூட்டுங்கள்.

ஆசனத்துக்கு ரமணர் முக்கியத்துவம் கொடுத்ததில்லை. அவரே பல வருஷம் சோபாவில் சாய்ந்தபடி இருந்தவர். நமக்கு மட்டும் ஏன் இதில் அக்கறை என்றால், வலிக்கும் உடம்பு கவனத்தை இழுக்கும். சம்மணம் போடுகிறவர்கள் இடுப்புக்கு அடியில் மட்டும் 2, 3 அங்குல உயரத்துக்குத் துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும். வெறும் தரையில் உட்கார்ந்தால் இடுப்பு பின்பக்கம் சரிந்து பத்து நிமிஷத்தில் வலிக்கும். நாற்காலி என்றால் பாதம் இரண்டும் தரையில் படட்டும், முதுகு சாய வேண்டாம். கால் மரத்துப்போனால் மாற்றிக்கொள்ளுங்கள். அது நரம்பு அமுங்கியது. குண்டலினி ஏறியதாக எண்ணிப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சாப்பிட்டு இரண்டரை மணி நேரமாவது போகட்டும். உணவைப் பற்றி ‘நான் யார்?’ சொல்வது மித சாத்விக ஆகாரம், அதிலும் ‘மித’ (அளவாக) என்பதற்கே பயிற்சியில் உடனடிப் பலன். இரவு நான்கு தோசைக்குப் பிறகு விசாரம் நடக்காது. காலையில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு உட்காருவதில் குற்றமில்லை. காபி கிடைக்காத தலைவலியோடு உட்காருவதைவிட மேல். ஃபோனில் டைமர் வைத்துவிட்டு அதைக் கைக்கு எட்டாத இடத்தில் குப்புற வையுங்கள். அன்றைக்குக் கட்டாயம் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்தால், ‘மறந்துவிடுவேனோ’ என்று மனம் வந்து நச்சரிப்பது பாதி குறையும்.

வேலை

முதல் 3 நிமிஷம் மூச்சைக் கவனியுங்கள். அடக்க வேண்டாம், நீட்ட வேண்டாம். மூக்கின் விளிம்பில் உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்தால் போதும். மனமும் மூச்சும் ஒரே மூலத்திலிருந்து கிளம்பும் இரண்டு கிளைகள் என்பது உந்தியாரின் கணக்கு. ஒன்று ஆறினால் மற்றதும் ஆறும். கும்பகம் (மூச்சை நிறுத்திவைப்பது), பந்தம் (உடம்பைச் சில இடங்களில் இறுக்கிக் கட்டுவது) எல்லாம் நேரில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் செய்யக் கூடாதவை, இந்த வழிக்குத் தேவையும் இல்லை. மூன்று நிமிஷத்துக்குப் பிறகு மூச்சை விட்டுவிடுங்கள். மூச்சால் அடங்கிய மனம், மூச்சு பழையபடி ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடும். ஆகவே அது துணை மட்டும்தான்.

இனி ‘இருக்கிறேன்’ என்ற அந்த உணர்வில் கவனத்தை வையுங்கள். சில விநாடிகளில் எண்ணம் வரும். வரத்தான் செய்யும். ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

‘கரண்ட் பில் கட்டணும்’ என்று ஒன்று வருகிறது. அடுத்து, ‘கடைசித் தேதி என்ன?’ அடுத்து, போன தடவை தேதி தவறி ஃபைன் கட்டியது. அடுத்து, அந்த மாசம் கையில் பணம் இல்லாமல் போகக் காரணமான மச்சான். அடுத்து, அவர் இன்னும் திருப்பித் தராத ஐயாயிரம் ரூபாய், அதைத் தீபாவளிக்குள் எப்படிக் கேட்பது, அக்கா என்ன நினைப்பாள். எங்கோ ஐந்தாவது ஆறாவது கண்ணியில் ‘அடடா’ என்று சுதாரிப்பீர்கள்.

சுதாரித்த அந்த இடத்திலேயே, ஒரே ஒரு தடவை: ‘இது யாருக்கு?’ ‘எனக்கு’ என்று தெரிகிறது. அந்த ‘எனக்கு’ ஒரு சொல்லாக வந்தால் பயனில்லை. மச்சானையும் ஐயாயிரத்தையும் விட்டு, அவற்றை எண்ணிக்கொண்டிருந்தவன்மேல் கவனம் சட்டென்று விழ வேண்டும். விழுந்ததும் ஓர் இடைவெளி தெரியும், இரண்டு விநாடி, மூன்று விநாடி. அங்கே ‘இந்த நான் யார்?’ என்பது இன்னும் உள்ளே போவதற்கு. முதல் கேள்வியே உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் இரண்டாவதை வார்த்தையாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

செய்யக் கூடாதவை மூன்று. எண்ணம் எங்கே ஆரம்பித்தது என்று கண்ணி கண்ணியாகப் பின்னால் போய்ப் பார்க்காதீர்கள். அது மனோதத்துவ ஆராய்ச்சி, அதற்கு வேறு நேரம் வைத்துக்கொள்ளலாம். ‘சே, மறுபடியும் ஓடிட்டேனே’ என்று திட்டிக்கொள்ளாதீர்கள். அந்தச் சலிப்பும் ஓர் எண்ணம்தான், அதையும் ‘யாருக்கு?’ என்று கேட்கலாம். ‘இந்தத் தேதியை மட்டும் யோசித்து முடித்துவிட்டு வருகிறேன்’ என்று சலுகை கொடுக்காதீர்கள். எழும் எண்ணத்தைப் பூர்த்தி செய்ய எத்தனிக்காமல் விசாரிக்க வேண்டும் என்பது மூல நூலிலேயே உள்ள நிபந்தனை. பூர்த்தியான எண்ணம் அடுத்ததைப் பெற்றுவிட்டுத்தான் போகும்.

20 நிமிஷத்தில் முப்பது தடவை திரும்ப வேண்டி வந்தால் அன்றைக்குப் பயிற்சி கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அந்த முப்பது திருப்பங்கள்தான் பயிற்சி.

பிடி நிற்கும்போது ஒன்றும் செய்யாதீர்கள். இது சொல்வதற்கு எளிது. ‘ஆ, இப்போ அமைதியா இருக்கு’ என்று ஒரு வர்ணனை வரும், அதோடு அமைதி போய்விடும். அந்த வர்ணனைக்கும் அதே வைத்தியம். கேள்வியைத் திரும்பத் திரும்பப் போடுவதும் அந்த நேரத்தில் இடைஞ்சல். மற்ற எண்ணங்களை எல்லாம் அழித்துவிட்டு, பிணம் சுடு தடிபோல் கடைசியில் தானும் எரிந்துபோக வேண்டியது இந்தக் கேள்வி என்று ரமணர் சொன்னதை நினைவில் வையுங்கள். தடியைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவருவது அதன் நோக்கம் இல்லை.

எங்கே கெடுகிறது

கேள்வி மந்திரமாகிப் போவதை முதலிலேயே சொன்னோம். எப்படிக் கண்டுபிடிப்பது? மூச்சோடு தாளம் சேர்ந்துகொண்டு ‘நான்’ உள்ளே, ‘யார்’ வெளியே என்று தானாக ஓடினால் அது ஜபமாகிவிட்டது. கேள்வியை நிறுத்திவிட்டு, அடுத்த எண்ணம் வரும்வரை காத்திருங்கள். ஜபம் மட்டமானது என்று யாரும் சொல்லவில்லை. மனத்தை ஒருமுகப்படுத்த அதுவும் உதவும் என்றே நூல் சொல்கிறது. ஜபத்தைச் செய்துகொண்டு விசாரம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் வீண்.

அடுத்தது, தயார்ப் பதில். ‘நான் உடம்பல்ல, மனமல்ல, புத்தியல்ல’ என்று ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டு போவது அல்லது ‘நான் அதுவே’, ‘சிவோஹம்’ என்று பாவிப்பது. வேதாந்த வகுப்புக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள். உள்ளது நாற்பது 29 இதில் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது: ‘இது நானல்ல’, ‘நான் அது’ என்று எண்ணுவது துணையாகலாம், விசாரம் ஆகாது. காரணம் எளிது. இரண்டுமே எண்ணங்கள், எண்ணுகிறவன் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான். பதில் வாக்கியமாக வந்தால் அதைத் தேர்வுத்தாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்ணங்களைச் சாட்சியாக வேடிக்கை பார்ப்பது இன்னொன்று. இப்போது தியான ஆப்புகள் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான், அதற்கு அதன் நன்மை உண்டு, பதற்றம் குறையும். ஆனால் அங்கே கவனம் எண்ணங்கள்மேல் இருக்கிறது. இங்கே பார்ப்பவன்மேல் இருக்க வேண்டும். இரண்டையும் அரை அரையாகக் கலந்து செய்தால் இரண்டும் உருப்படாது.

பார்ப்பவனைப் பார்க்கப் போனதும் கொஞ்சம் புத்திசாலிகளுக்கு ஒரு சுழல் வரும்: ‘பார்ப்பவனைப் பார்ப்பது யார்? அவனைப் பார்ப்பது யார்?’ ஒருவனுக்குப் பின்னால் ஒருவனாக வரிசை நீளும். அதில் வரும் ஒவ்வொரு ‘பார்ப்பவனும்’ நீங்கள் கற்பனையில் எதிரே நிறுத்திய பொம்மை. தலைக்குப் பின்னால் யாரோ நிற்கிறதுபோலவும் சிலருக்கு இருக்கும். இதெல்லாம் தெரிந்தால் முதல் சோதனைக்குத் திரும்புங்கள். ‘இருக்கிறேனா?’ ‘இருக்கிறேன்.’ அங்கே இரண்டு பேர் இல்லை.

மார்பின் வலப்பக்கம் பற்றி அவசியம் கேட்பார்கள். இதயம் மார்பின் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை வலப்பக்கம் என்று உள்ளது நாற்பதின் அனுபந்தத்தில் (பிற்சேர்க்கையில்) இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு புள்ளியையோ ஜோதியையோ பாவித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நிறைய. செய்தால், உடம்பின் ஒரு பகுதிமேல் தியானம் நடக்கும், அங்கே ஒரு கனமோ சூடோ தெரியவும் தெரியும். எந்த இடத்தைப் பத்து நிமிஷம் கவனித்தாலும் அப்படித் தெரியும். ‘நான்’ எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடுவது உடம்புக்குள் இடம் தேடுவதல்ல. ஒளி, மணிச்சத்தம், வாசனை வந்தாலும் அதே விதி: யாருக்குத் தெரிகிறது? இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கத் தொடங்கினால் அடுத்த வாரம் அவற்றுக்காகவே உட்காருவீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் லயம், அதாவது மனம் தற்காலிகமாக ஒடுங்கிக் கிடப்பது. மேலே சொன்னவை ஆரம்பத்தில் வந்து போய்விடும், இது நன்றாகப் பழகியவர்களைத்தான் பிடிக்கும். எண்ணங்கள் ஓய்ந்துவிடுகின்றன. சுகமாக இருக்கிறது. டைமர் அடிக்கும்போது ‘அதற்குள் 20 நிமிஷமா?’ என்று தோன்றுகிறது. நல்ல தியானம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வருவார்கள். எழுந்து ஐந்து நிமிஷத்தில் குழந்தையிடம் எரிந்து விழுவார்கள். மனம் ஒடுங்குவதில் லயம், நாசம் என்று இரண்டு வகை என்கிறது உந்தியார். லயித்தது திரும்ப எழும், நாசமானது எழாது. தினமும் தூக்கத்தில் நடப்பது லயம்தான், அதனால் யாரும் ஞானியாவதில்லை. இதற்கு ரமணர் சொன்ன கதை ஒன்று: கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டுச் சமாதியில் ஆழ்ந்தார், எத்தனையோ காலம் கழித்துக் கண் விழித்ததும் முதலில் கேட்டது தண்ணீர். அத்தனை கால அடக்கத்தில் ஒரு சின்னத் தாகம்கூட அழியவில்லை.

லயத்தை எப்படி அறிவது? விழிப்பைப் பாருங்கள். எண்ணம் இல்லாத நேரத்தில் ‘இருக்கிறேன்’ என்பது கூர்மையாகத் தெரிகிறதா, மங்கலாகிறதா? தலை முன்னால் தொய்கிறதா? கனவுத் துணுக்குகள், சம்பந்தமில்லாத முகங்கள் வந்துபோகின்றனவா? வந்தால் தூக்கத்தின் வாசலில் நிற்கிறீர்கள். கண்ணைப் பாதி திறந்து நான்கடி தள்ளித் தரையில் பார்வையை வையுங்கள், முதுகை நிமிர்த்துங்கள், அமைதியாக இருக்கும் அந்த நேரத்திலேயே ‘இந்த அமைதி யாருக்கு?’ என்று கேளுங்கள். எண்ணம் இல்லாதபோது கேள்வி எதற்கு என்று தோன்றும். அப்போதுதான் அது அதிகம் தேவை. அப்படியும் தொய்ந்தால் எழுந்து பத்து நிமிஷம் நடங்கள். ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தூக்கக் கடனை விசாரத்தால் அடைக்க முடியாது.

பயம் வருவதும் உண்டு. பிடி ஆழமாகும்போது ‘நான் காணாமல் போய்விடுவேனோ’ என்று உடம்பு உதறும், நெஞ்சு படபடக்கும். லேசாக வந்தால் அந்தப் பயம் யாருக்கு என்று பார்த்தபடி இருக்கலாம். 1896-இல் மதுரையில் 16 வயது வேங்கடராமனுக்கு (ரமணரின் இளமைப் பெயர்) வந்தது சாவு பயம்தான். அவர் படுத்து, கைகாலை விறைத்து, உதட்டை மூடி, உடம்பு செத்தால் ‘நான்’ சாகிறேனா என்று பார்த்தார். அதைப் பார்த்துப் பிணம்போல் படுத்துப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே உண்மையான பயம் இருந்தது, அதனால் கவனம் முழுசாக உள்ளே திரும்பியது. பயம் இல்லாமல் படுத்தால் சவாசனம் நடக்கும், கூடவே தூக்கமும்.

ஆனால் இதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உட்காராத நேரத்திலும் சுற்றியுள்ள எதுவும் நிஜமாகத் தெரியவில்லை, கை கால் தன்னுடையதாகப் படவில்லை, சொந்த மனுஷர்களே அந்நியமாகத் தெரிகிறார்கள், இது நாள்கணக்கில் நீடிக்கிறது, வேலை ஓடவில்லை என்றால் அது ‘தேகாத்ம புத்தி (உடம்பே நான் என்ற எண்ணம்) கழன்றது’ அல்ல. மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. பயிற்சியை நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள். மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, பதற்ற நோய் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நேரம் உட்காருவதைத் தவிர்ப்பதே நல்லது. விசாரத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது கூடவே கூடாது.

உட்காராத நேரம்

இந்த முறையின் உண்மையான சௌகரியம் இங்கேதான் இருக்கிறது. பத்மாசனமும் தனியறையும் இல்லாமல் நடக்கக் கூடியது இது. கோபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் ஒருவர் எல்லார் முன்னாலும் ஏதோ சொல்லிவிட்டார். உள்ளே ஓடும் வசனம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘என்னைப் போய் இப்படிச் சொல்லிட்டானே!’ அந்த வாக்கியத்தில் நம் கவனம் முழுவதும் ‘சொல்லிட்டானே’யில் இருக்கிறது. அவன் முகம், அவன் குரல், நாளைக்கு நாம் சொல்லப்போகும் பதிலடி. கவனத்தை வாக்கியத்தின் முன்பக்கம் கொண்டுவாருங்கள்: ‘என்னை.’ யாரை? இந்த நேரத்தில் நெஞ்சில் சூடாக, விறைப்பாக எழுந்து நிற்கும் அந்த ‘என்னை’ நன்றாகவே கண்ணில் படும், அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. ஆகவே கோபம் நல்ல சந்தர்ப்பம். மூன்று விநாடி பார்த்தால் போதும். கோபம் உடனே போய்விடும் என்று உத்தரவாதம் இல்லை; பதிலடி கொஞ்சம் தாமதமாகும், அந்தத் தாமதமே பல குடும்பங்களுக்குப் போதும். பாராட்டு வரும்போதும் இதே வேலை, ஆனால் அப்போது யாருக்கும் ஞாபகம் வராது.

இன்னொரு சந்தர்ப்பம் விழித்தெழும் நேரம். தூக்கம் கலைந்து, பெயர், ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்பதெல்லாம் வந்து சேருவதற்கு முன்னால் ஒரு நொடி வெறுமனே ‘இருக்கிறேன்’ மட்டும் இருக்கும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவேயுள்ள அந்த இடத்தைக் கவனிக்கச் சொல்லி ரமணரும் சுட்டிக்காட்டியிருக்கிறார். அலாரத்தை நிறுத்திய கை வாட்ஸ்அப்புக்குப் போகாமல் பத்து விநாடி சும்மா இருந்தால் அந்த ‘நான்’ எப்படி எழுந்து உடம்பையும் கவலைகளையும் மாட்டிக்கொள்கிறது என்பதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். ராத்திரியே முடிவு செய்துகொண்டு படுத்தால்தான் காலையில் ஞாபகம் வரும்.

ஒன்றும் ஓடாத நாள்

சில நாள் எதுவும் நடக்காது. உடம்பு சரியில்லை, வீட்டில் பிரச்சினை, மனம் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. அன்றைக்கு விசாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். தெரிந்த நாமத்தை 108 தடவை சொல்லுங்கள், திருவாசகமோ ரமணர் பாடிய அட்சரமணமாலையோ வாய்விட்டுப் படியுங்கள். மூர்த்தி தியானமும் மந்திர ஜபமும் மனத்தை அடக்கத் துணை என்று ‘நான் யார்?’ நூலே இடம் கொடுத்திருக்கிறது.

திருவண்ணாமலை போக வாய்ப்பிருந்தால், ரமணாசிரமத்தில் பழைய ஹாலில் உட்காரலாம். ஜன்னல் ஓரம் காற்று வரும், தூக்கம் குறையும். ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்து கல் பாவிய பாதையில் ஏறினால் ஸ்கந்தாசிரமம், அங்கிருந்து கீழே இறங்கினால் விரூபாட்ச குகை. குகைக்குள் இருட்டும் புழுக்கமுமாக இருக்கும், லயம் வரும் ஆட்களுக்கு உள்ளறையைவிட வெளித் திண்ணை நல்லது. தண்ணீர் எடுத்துப் போங்கள், குரங்குகளுக்குத் தெரியும்படி பிஸ்கட் எடுத்துப் போகாதீர்கள். கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். உட்கார்ந்தால் தூங்குகிறவர்களுக்கு நடந்துகொண்டே விசாரிப்பது மிகவும் ஒத்துவரும்: பேசாமல், மெதுவாக, நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, ‘நடப்பது யார்?’ என்று அவ்வப்போது திரும்பியபடி. செருப்பில்லாமல் நடக்கிற வழக்கம் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் தார் ரோடு சுடத் தொடங்கினால் பாதத்தைத் தவிர வேறெதையும் விசாரிக்க முடியாது. பௌர்ணமியன்று லட்சக்கணக்கில் கூட்டம் சேரும், அது வேறு வகை அனுபவம். இந்த வேலைக்கு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ பார்த்துக்கொள்ளுங்கள்.